நோயாளியையே வைத்தியர் ஆக்கிய டாக்டர் ஜோஸ்லின்

திருப்பூரை அடுத்த வீரபாண்டி. காலை மணி பதினொன்று.

பனியன் கம்பெனிக்குள் டீ வருகிறது. தையல் மிஷின்களின் சத்தம் சற்று அடங்குகிறது. கட்டிங் மேஜையில் நிற்பவர், பவர் டேபிளில் தைப்பவர், செக்கிங் பார்க்கும் பெண்கள், அயர்ன் மாஸ்டர் எல்லோரும் ஆளுக்கு ஒரு டம்ளர் எடுத்துக்கொள்கிறார்கள். கூடவே வடை, போண்டா, பன்.

ஒருவர் மட்டும் தயங்குகிறார். ரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டது என்று போன வாரம்தான் டாக்டர் சொன்னார். இனிப்பை நிறுத்த வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்றார். அவரும் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

ஆனால் காலையில் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆர்டர் அவசரம். ஒன்றரை ஷிப்ட் வேலை. பீஸ் கணக்கில் கூலி. எழுந்து போனால் அந்த நேரத்துக்குக் காசு இல்லை. வயிறு பசிக்கிறது. இன்று ஒரு நாள் போகட்டும் என்று இனிப்பு டீயையும் இரண்டு போண்டாவையும் எடுத்துக்கொள்கிறார். வீட்டில் தெரிந்தால் சண்டை வரும். ஆகவே வீட்டில் சொல்வதில்லை.

இவர் கற்பனை மனிதர்தான். ஆனாலும் இவரைப் போன்ற ஒருவர் இல்லாத தெரு இன்று நம் நாட்டில் உண்டா?

இவரைத் திட்டினால் திருந்துவாரா? பயமுறுத்தினால் மாறுவாரா? அல்லது வேறு வழி ஏதாவது இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு விடை காண்பதிலேயே ஏறத்தாழ எழுபது ஆண்டுகளைச் செலவிட்டார் ஒரு டாக்டர். சர்க்கரை நோயாளிகளுக்கு முதலில் தேவை படிப்பு, பிறகுதான் மருந்து என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர்.

அவர்தான் எலியட் ஜோஸ்லின்.

தொழில் ஊரில் பிறந்தவர்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதில் ஆக்ஸ்போர்டு என்று ஒரு சிறிய ஊர். இங்கிலாந்தில் இருக்கும் புகழ்பெற்ற ஆக்ஸ்போர்டு வேறு. இது ஆலைகளும் செருப்புத் தொழிற்சாலைகளும் இருந்த ஊர்.

அங்கே 1869-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி ஜோஸ்லின் பிறந்தார். தந்தை செருப்புத் தொழிற்சாலை முதலாளி. வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. மகன் விரும்பியிருந்தால் தொழிற்சாலைக் கணக்கைப் பார்த்துக்கொண்டு சுகமாக வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் அவருக்குப் படிப்பில்தான் ஆசை. யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1890-ல் பட்டம் பெற்றார். பிறகு ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் படித்து 1895-ல் டாக்டர் ஆனார்.

மருத்துவ மாணவராக இருந்தபோதே ஒரு காரியம் செய்தார். 1893-ல் பாஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயால் மெலிந்துபோன ஓர் இளம்பெண்ணை அவர் கண்டார். அந்தப் பெண்ணைப் பற்றிய விவரங்களை ஒரு பெரிய நோட்டில் எழுதி வைத்தார்.

வியாபாரிகள் பேரேடு எழுதுவார்கள் அல்லவா? வரவு என்ன, செலவு என்ன, பாக்கி எவ்வளவு என்று. ஜோஸ்லினும் அப்படித்தான் எழுதினார். நோயாளியின் வயது என்ன, எடை என்ன, என்ன சாப்பிடுகிறார், எத்தனை நாள் உயிரோடு இருந்தார் என்று ஒன்று விடாமல் குறித்தார். முதல் பக்கத்தில் ஒரு பெண்ணோடு தொடங்கிய அந்தப் பேரேடு, பின்னால் பல ஆயிரம் நோயாளிகளின் வரலாறாக வளர்ந்தது.

தாய்க்கு வந்த வியாதி

ஜெர்மனி முதலிய நாடுகளுக்கும் சென்று அங்குள்ள பெரிய டாக்டர்களிடம் ஜோஸ்லின் பயின்றார். 1898-ல் பாஸ்டன் நகரில் சொந்தமாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்.

தொழில் நன்றாக நடந்தது. அப்போதுதான் இடி விழுந்தது போன்ற செய்தி வந்தது. அவரைப் பெற்ற தாய்க்கே சர்க்கரை நோய்!

இன்று அதைக் கேட்டால் நாம் அவ்வளவு திடுக்கிட மாட்டோம். மாத்திரை இருக்கிறது, ஊசி இருக்கிறது. அந்தக் காலத்தில் இரண்டும் கிடையாது. சிறு பிள்ளைக்கு இந்த நோய் வந்தால் சில மாதங்கள் அல்லது ஓரிரு ஆண்டுகள்தான் ஆயுள். பெரியவர்கள் கொஞ்சம் கூடுதலாக இருப்பார்கள்.

டாக்டர் மகனின் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். சாப்பாடு.

எது சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று தாய்க்கு அவர் கணக்கிட்டுக் கொடுத்தார். ஏன் அப்படிச் சாப்பிட வேண்டும் என்பதையும் விளக்கினார். தாய் புரிந்துகொண்டார். மன உறுதியோடு அதைக் கடைப்பிடித்தார். அந்தக் கட்டுப்பாட்டின் பலனாகப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார்.

பேரேட்டில் தாயின் பெயரும் ஏறியது. காரணத்தைச் சொல்லிக்கொடுத்தால் மனிதர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்வார்கள் என்பதை ஜோஸ்லின் தம் வீட்டிலேயே கண்டார்.

மூன்று வீடுகள்

சர்க்கரை நோய் என்பது என்ன?

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, ரொட்டி எல்லாம் வயிற்றில் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரை உடம்பின் ஒவ்வோர் அணுவுக்குள்ளும் போனால்தான் நமக்குத் தெம்பு. உள்ளே போகக் கதவைத் திறக்கும் சாவிதான் இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் உள்ள கணையம் அதைச் சுரக்கிறது.

சிலருக்குச் சாவியே இல்லாமல் போகிறது. இது பெரும்பாலும் சிறு வயதில் வருவது. பலருக்குச் சாவி இருந்தும் பூட்டு எளிதில் திறப்பதில்லை. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கும், உடம்பை அசைக்காதவர்களுக்கும், பெற்றோருக்கு இந்த நோய் இருந்தவர்களுக்கும் இது அதிகம் வருகிறது. இரண்டிலும் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. நாளடைவில் கண், சிறுநீரகம், இருதயம், கால் நரம்பு எல்லாவற்றையும் கெடுக்கிறது.

1921-ல் ஜோஸ்லின் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு தெருவைப் பற்றிச் சொன்னார். அமைதியான கிராமம். அகலமான தெரு. அடுத்தடுத்து மூன்று வீடுகள். ஒருவர் பின் ஒருவராக ஏழு குடும்பத் தலைவர்கள் அந்த வீடுகளில் குடியிருந்தார்கள். நான்கு பெண்கள், மூன்று ஆண்கள். அந்த ஏழு பேரில் ஒருவரைத் தவிர மற்ற ஆறு பேரும் சர்க்கரை நோய்க்குப் பலியானார்கள்!

இதே ஆறு பேரும் தொற்றுக் காய்ச்சலில் இறந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஊரே திரண்டிருக்கும். சுகாதார அதிகாரிகள் ஓடி வந்திருப்பார்கள். கிணறு, சாக்கடை எல்லாவற்றையும் சோதித்திருப்பார்கள். ஆனால் சர்க்கரை நோய் சத்தமில்லாமல் கொன்றது. ஆகையால் ஒருவரும் கவலைப்படவில்லை. இதுதான் ஜோஸ்லினின் வருத்தம்.

வந்த பிறகு வைத்தியம் பார்ப்பதோடு டாக்டர்கள் நின்றுவிடக் கூடாது, வருவதற்கு முன்பே தடுக்க வேண்டும் என்று அவர் எழுதினார். உடம்பு பருக்காமல் பார்த்துக்கொள்வதே அதற்கு முக்கிய வழி என்றும் சுட்டிக் காட்டினார்.

பட்டினி வைத்தியம்

இன்சுலின் வருவதற்கு முந்திய சில ஆண்டுகள் மிகவும் கொடுமையானவை.

பிரெடெரிக் ஆலன் என்ற அமெரிக்க டாக்டர் ஒரு முறையைக் கண்டிருந்தார். நோயாளியைப் பட்டினி போடுவது. பிறகு மிக மிகக் குறைந்த உணவு கொடுப்பது. காய்கறியைக்கூட மூன்று முறை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுப்பார்கள்.

நோயாளிகள் எலும்பும் தோலும் ஆனார்கள். ஆனாலும் சில மாதங்களோ சில ஆண்டுகளோ கூடுதலாக உயிர் வாழ்ந்தார்கள். வேறு வழி இல்லாததால் ஜோஸ்லினும் இந்த முறையைக் கையாண்டார்.

ஆலனிடம் இருந்த 12 வயதுச் சிறுவன் ஒருவனின் கதை கல் நெஞ்சையும் கரைக்கும். நோயால் அவனுக்குக் கண் பார்வை போய்விட்டது. எவ்வளவு கட்டுப்பாடு வைத்தும் அவன் சிறுநீரில் சர்க்கரை வந்துகொண்டே இருந்தது. எங்கிருந்தோ திருடித் தின்கிறான் என்று அவனை அறையில் அடைத்துக் காவல் வைத்தார்கள். பிறகுதான் உண்மை தெரிந்தது. பற்பசையையும், பறவைக்கு வைத்த தானியத்தையும் அவன் தின்றிருக்கிறான்! அந்தச் சிறுவன் பிழைக்கவில்லை.

பூட்டி வைத்தும் காவல் போட்டும் பசியை வெல்ல முடியாது. பழக்கத்தை மாற்றுவதற்கும் அது வழி அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே காலத்தில் ஜோஸ்லின் வேறொரு திசையிலும் நடந்தார். 1916-ல் தம் ஆயிரம் நோயாளிகளின் அனுபவத்தை வைத்து டாக்டர்களுக்கு ஒரு பெரிய புத்தகம் எழுதினார். இரண்டே ஆண்டுகளில், 1918-ல், இன்னொரு புத்தகம் எழுதினார். அது டாக்டரும் நோயாளியும் சேர்ந்து படிக்க வேண்டிய கையேடு!

அந்தக் காலத்தில் இது பெரிய புதுமை. வைத்திய ரகசியம் வைத்தியரிடம் இருக்க வேண்டும், நோயாளி சொன்னபடி கேட்டால் போதும் என்று எண்ணிய காலம் அது. ஜோஸ்லினின் எண்ணம் வேறு. டாக்டர் நோயாளியைப் பார்ப்பது மாதத்தில் சில நிமிடங்கள். மற்ற நேரமெல்லாம் நோயாளி தன் வீட்டில், தன் சமையலறையில், தன் வேலை இடத்தில் இருக்கிறான். அங்கே அவனுக்கு வைத்தியர் யார்? அவனேதான்!

இன்சுலின் வந்தது

1921-ல் கனடாவில் டொரான்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக 14 வயதுப் பையன் ஒருவனுக்குப் போடப்பட்டது. அவன் பிழைத்தான். உலகமே வியந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி ஜோஸ்லின் தம் நோயாளி ஒருவருக்கு முதல் இன்சுலின் ஊசியைப் போட்டார். அந்த நோயாளி ஒரு நர்சு. எடை ஏறத்தாழ 32 கிலோதான்! ஒன்பது மாதங்களாக வீட்டை விட்டு வெளியே வர இயலாமல் கிடந்தவர். ஆறே வாரத்தில் அவர் தினமும் நான்கு மைல் நடக்கத் தொடங்கினார்!

இனி என்ன? மருந்து கிடைத்துவிட்டது. பிரச்சினை தீர்ந்தது என்று பலர் எண்ணினார்கள்.

ஜோஸ்லின் அப்படி எண்ணவில்லை. இன்சுலின் எவ்வளவு போட வேண்டும்? அது சாப்பாட்டைப் பொறுத்தது. வேலையைப் பொறுத்தது. அளவு கூடினால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். அளவு குறைந்தால் சர்க்கரை ஏறும். இந்தக் கணக்கைத் தினமும் போட வேண்டியவர் நோயாளிதான். ஆகவே மருந்து வந்த பிறகு படிப்பு இன்னும் அவசியமாகிவிட்டது என்று அவர் கண்டார்.

பாடம் நடத்திய ஆஸ்பத்திரி

பாஸ்டனில் டீக்கனஸ் என்ற ஆஸ்பத்திரியில் ஜோஸ்லின் வேலை செய்தார். அங்கே ஒரு பள்ளிக்கூடம்போல நோயாளிகளுக்கு வகுப்பு நடந்தது.

உணவை எப்படி அளப்பது? ஊசியை எப்படிக் கொதிக்க வைப்பது? எப்படிப் போட்டுக்கொள்வது? எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார்கள்.

சிறுநீரைத் தாங்களே சோதிக்கவும் கற்றார்கள். நீல நிறக் கரைசல் ஒன்றில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சுவார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறினால் சர்க்கரை கூடுகிறது. செங்கல் சிவப்பு ஆகிவிட்டால் அபாயம்! எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட நிறத்தைப் பார்த்துத் தன் நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம்.

பாதங்களைப் பற்றித் தனிப் பாடம் உண்டு. சர்க்கரை நோயில் கால் நரம்பு மரத்துப்போகும். முள் குத்தினாலும் வலி தெரியாது. புண் புரையோடிக் காலையே எடுக்க நேரிடும். ஆகவே தினமும் காலைக் கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், உற்றுப் பார்க்க வேண்டும் என்று ஜோஸ்லின் வற்புறுத்தினார். முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலப் பாதத்தையும் பார்க்கச் செய்தார்.

வகுப்பில் பழைய நோயாளியும் புதிய நோயாளியும் அருகருகே உட்கார்ந்தார்கள். பத்து ஆண்டுகளாக நன்றாக இருப்பவரைக் கண்டதும் புதிதாக வந்தவருக்குத் தைரியம் பிறந்தது. டாக்டரின் பேச்சு செய்யாததைப் பக்கத்தில் இருப்பவரின் அனுபவம் செய்தது.

வீடு தேடிப் போன நர்சுகள்

ஆஸ்பத்திரியில் கற்றதை வீட்டில் மறந்துவிடுகிறார்களே! அதற்கு என்ன செய்வது?

ஜோஸ்லின் நர்சுகளுக்குத் தனிப் பயிற்சி கொடுத்தார். அவர்களை நோயாளிகளின் வீடுகளுக்கே அனுப்பினார். நர்சு அடுப்படிக்குள் போவார். என்ன சமைக்கிறார்கள், யார் சமைக்கிறார்கள் என்று பார்ப்பார். அந்த வீட்டில் இருக்கும் பண்டங்களைக் கொண்டே எப்படிச் சாப்பிடுவது என்று காட்டுவார். தாய்க்கும் மனைவிக்கும் சொல்லிக்கொடுப்பார்.

நோய் ஒருவருக்கு வந்தாலும் மாற வேண்டியது வீடு முழுவதும் என்பது அவர் கண்ட உண்மை. வீட்டில் எல்லோரும் பலகாரம் தின்னும்போது ஒருவரை மட்டும் பார்த்துக்கொண்டு உட்காரச் சொன்னால் அவர் எத்தனை நாள் தாங்குவார்?

பிள்ளைகளுக்கு முகாம்கள் ஏற்பட்டன. 1932-ல் பெண் குழந்தைகளுக்கும், 1948-ல் ஆண் குழந்தைகளுக்கும் அவருடைய சொந்த ஊர்ப் பக்கத்திலேயே முகாம்கள் தொடங்கின. அங்கே வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சர்க்கரை நோய்தான். ஆகவே யாருக்கும் வெட்கம் இல்லை. ஓடினார்கள், நீந்தினார்கள், விளையாட்டோடு ஊசி போடவும் கற்றார்கள்.

1924-ல் பிரிசில்லா ஒயிட் என்ற பெண் டாக்டர் ஜோஸ்லினோடு சேர்ந்தார். சர்க்கரை நோய் உள்ள பெண்கள் குழந்தை பெறுவது அபாயம் என்று கருதப்பட்ட காலம் அது. கர்ப்ப காலம் முழுவதும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கக் கற்றுக்கொடுத்து, எத்தனையோ தாய்மார் நலமாகப் பிள்ளை பெற அவர் உதவினார்.

மூன்று குதிரைகள்

ஜோஸ்லின் ஒரு படத்தை நோயாளிகளின் மனதில் பதித்தார். மூன்று குதிரை பூட்டிய தேர். ஒரு குதிரை உணவு. இன்னொரு குதிரை இன்சுலின். மூன்றாவது குதிரை உடற்பயிற்சி. ஒரு குதிரையை ஓட்டுவது சுலபம். மூன்றையும் சேர்த்து ஓட்டப் பழக்கம் வேண்டும். கடிவாளம் நோயாளியின் கையில்!

தனியாக வாழும் முதியவர்களிடம் ஒரு நாய் வளர்க்கும்படி அவர் சொல்வதுண்டு. நாய் வைத்திருப்பவர் நடந்துதானே ஆக வேண்டும்! தவிர, இன்னும் ஒரு துண்டு சாப்பிடு என்று நாய் வற்புறுத்தாது அல்லவா?

பாராட்டவும் அவர் மறக்கவில்லை. எதிர்பார்த்த ஆயுளைத் தாண்டி வாழ்ந்த நோயாளிகளுக்கு மெடல் கொடுத்தார். 1940-களின் பிற்பகுதியில், நோயோடு 25 ஆண்டுகள் நலமாக வாழ்ந்தவர்களுக்கு வெற்றி மெடல் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. போர் வீரனுக்குக் கொடுப்பது போல நோயாளிக்கு மெடல்! அதைப் பெற்றவர் எவ்வளவு பெருமைப்பட்டிருப்பார்!

எதிர்த்தவர்கள் பலர்

எல்லோரும் ஜோஸ்லினை ஒப்புக்கொண்டுவிடவில்லை.

இன்சுலின் வந்த பிறகு மயக்கம் கண்டு சாவது குறைந்தது. ஆனால் பல ஆண்டுகள் கழித்துக் கண் போயிற்று, சிறுநீரகம் கெட்டது, இருதயம் தாக்கப்பட்டது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் இவற்றைத் தடுக்கலாம் என்றார் ஜோஸ்லின். தடுக்க முடியாது, வருவது வந்தே தீரும் என்றனர் பல டாக்டர்கள். நோயாளி இஷ்டம்போல் சாப்பிடட்டும், அவனை ஏன் வருத்த வேண்டும் என்று வாதாடியவர்களும் உண்டு.

ஜோஸ்லின் அசையவில்லை. ஆனால் தம் கருத்துக்கு முழு ஆதாரம் கிடைப்பதை அவர் உயிரோடு இருந்து பார்க்கவில்லை.

1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்சுலின் போடும் 1,441 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களில், அதுவரை கண் கெடாதிருந்தவர்களுக்குக் கண் நோய் வரும் அபாயம் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்தது. சிறுநீரகமும் நரம்பும்கூடப் பெருமளவு காப்பாற்றப்பட்டன. பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோயிலும் கட்டுப்பாடு பலன் தருகிறது என்பதை 1998-ல் பிரிட்டனில் வெளியான ஆராய்ச்சி காட்டியது. ஜோஸ்லின் சொன்னது சரியாயிற்று!

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. அவர் மிகவும் கண்டிப்பானவர். சர்க்கரை கூடிவிட்டால் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நோயாளிகள் கூனிக் குறுகியதும் உண்டு. இன்று டாக்டர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. பரம்பரையும், வேலையும், வறுமையும், கவலையும் கூடச் சர்க்கரையை ஏற்றும் என்பது தெரிந்துவிட்டது. அவர் காலத்துப் பட்டினி முறையையும் யாரும் பின்பற்றக் கூடாது. அது கையில் மருந்து இல்லாத காலத்து வழி.

சொந்த ஊரில் சோதனை

ஜோஸ்லினுக்கு ஒரு சந்தேகம் நீண்ட நாளாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை மட்டும் நாம் எண்ணுகிறோம். வராதவர்கள் எத்தனை பேர்?

அவர் பிறந்த ஆக்ஸ்போர்டு ஊரிலேயே அதற்கு விடை கிடைத்தது. 1946, 1947-ம் ஆண்டுகளில் அமெரிக்கப் பொது சுகாதாரத் துறையினர் அங்கே 3,516 பேரைச் சோதித்தார்கள். 70 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அவர்களில் 40 பேருக்கு அது முன்பே தெரியும். மற்ற 30 பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது!

1956-ல் ஜோஸ்லினின் பெயரில் பாஸ்டனில் பெரிய மருத்துவமனைக் கட்டடம் எழுந்தது. அவருக்கு அப்போது வயது 87. ஓய்வு எடுத்துக்கொண்டாரா? இல்லை! தள்ளாத வயதிலும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

1962-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி அவர் காலமானார். வயது 92. தம் நோயாளிகளுக்குச் சொன்ன அளவான சாப்பாட்டையும் ஒழுங்கான வாழ்க்கையையும் தாமும் கடைப்பிடித்தவர் அவர்.

நம் நாட்டில்

ஜோஸ்லின் காட்டிய வழி நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1948-ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையே நிறுவினார்.

2006-ல் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் 531 பேர் அதில் சேர்ந்தார்கள். சாதாரண ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவை மாற்றவும் தினம் அரை மணி நடக்கவும் தொடர்ந்து ஊக்கம் பெற்றவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. நடையும் சாப்பாடும் மட்டும் அத்தனை பேரைக் காத்தன!

2021-ல் தமிழ்நாடு அரசு மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பெண் ஊழியர்கள் வீடு தேடிப் போய்ச் சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து கொடுத்தார்கள். ஜோஸ்லினின் நர்சுகள் நடந்த பாதைதானே இது!

ஆனாலும் வேலை நிறைய இருக்கிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள். ஜோஸ்லின் சொன்ன மூன்று வீடுகள் இன்று நம் தெருவெங்கும் இருக்கின்றன.

மீண்டும் வீரபாண்டி

டீ டம்ளரோடு தயங்கி நின்றவரிடம் திரும்பி வருவோம்.

அவரைத் திட்ட வேண்டாம். முதலில் அவருக்குக் காரணத்தைச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு பழக்கத்தை மாற்ற உதவுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு கம்பெனிக்குப் போகாமல் இரண்டு இட்லியும், ஒரு கிண்ணம் கொள்ளோ பச்சைப் பயறோ சாப்பிட்டுவிட்டுப் போனால் பதினொரு மணிக்குப் போண்டா இழுக்காது. டீயில் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினால் நாக்கு பழகிவிடும். கம்பும் ராகியும் நல்லவைதான். ஆனால் அவையும் அளவோடுதான். நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும்கூடச் சர்க்கரைதான் என்பதை மறக்க வேண்டாம்.

நாள் முழுவதும் மிஷின் முன் உட்காருகிறவருக்கு நடை அவசியம். சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடந்தாலும் நல்லது. வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது.

மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது. மருந்தை எடுத்துவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் போடவும் கூடாது. நைட் ஷிப்ட் பார்ப்பவர் மருந்து வேளையை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் அது சர்க்கரை இறங்கியதன் அடையாளம். உடனே சர்க்கரையோ குளுகோஸோ வாயில் போட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவருக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம். அவர் சாப்பிடுவதையே வீட்டில் எல்லோரும் சாப்பிடுங்கள். அதனால் பிள்ளைகளுக்கும் நன்மை. என்றாவது ஒரு நாள் அவர் தவறிவிட்டால் அதை மறைக்காமல் வீட்டில் சொல்லும்படி இருக்கட்டும். மறுநாள் மீண்டும் தொடங்கலாம்.

தாய்க்குத் தட்டு வைத்துக் கணக்குச் சொன்ன அந்த மகன், பெரிய டாக்டர் ஆன பிறகும் அதைத்தான் செய்தார். நோயாளிக்கு அறிவைக் கொடுத்தார். கடிவாளத்தைக் கையில் கொடுத்தார். தேரை ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அந்த இடத்தில் உட்காரலாம். அதற்கு டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. அன்பும் பொறுமையும் இருந்தால் போதும்.